கொப்பியா, எக்ஸெலா, டேட்டாபேஸா? சுன்னாகத்துக் கடையில் ஒரு கிழமை

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மாமாவுக்கு ஒரு ஹாட்வெயார் கடை. கடன் கணக்கு மூன்று இடத்தில் கிடந்தது: கையால் எழுதின பழைய சீ.ஆர். கொப்பிகள் (மட்டை போட்ட நோட்டுகள்), மச்சான் தொடங்கிப் பாதியில் விட்ட எக்ஸெல், போன வருடம் வாங்கிய பில் போடும் சொஃப்ட்வெயாரின் டேட்டாபேஸ். மூன்றையும் ஒன்றாக்கித் தா என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கொப்பியைப் பழிக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. வெட்டினால் வெட்டினது தெரியும், யார் எழுதினது என்று கையெழுத்தே சொல்லும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் "தின்னவேலி சிவா, 3 பை சீமெந்து" என்றிருந்தால் அது எந்தச் சிவா என்பது மாமாவின் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அவர் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டால் கடையே ஊமை.

எக்ஸெல்தான் எனக்குப் பிடிக்காதது. பிழையைச் சத்தமில்லாமல் செய்யும். 077 என்று தொடங்கும் போன் நம்பரை அடித்தால் முன்னால் இருக்கிற பூச்சியத்தை விழுங்கிவிடும். 2016 முதல் வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணை அப்படியே அடித்தால் 1.98 என்று தொடங்கி ஏதோ விஞ்ஞானக் கணக்குப்போலக் காட்டும், அந்தக் கட்டத்தை முதலிலேயே எழுத்து என்று மாற்றி வைக்காவிட்டால் இதுதான் கதி. பெரிய இடங்களும் தப்பவில்லை: 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்ஸெல் கோப்பு 65,536 வரிக்கு மேல் தாங்காததால் 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் கணக்கில் வராமல் போனது. மச்சானோ பொருட்களின் பெயரை எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். எழுத்துருவை மாற்றினால் ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை மாற்றினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றவே இரண்டு நாள் போய்விட்டது.

சரி, டேட்டாபேஸ்? ஒரே போன் நம்பர் இரண்டு தரம் வராது, நம்பர் இல்லாமல் பதிவே ஏறாது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது. கவுண்டரில் நிற்கும் தம்பி என்ன செய்தான் தெரியுமா? நம்பர் தராத ஆளுக்குப் பத்துப் பூச்சியம் அடித்தான், அடுத்த ஆளுக்குக் கடைசியில் 1, அதற்கடுத்தவருக்கு 2. ஒரு கட்டமும் வெறுமையில்லை, உள்ளே இருப்பதோ குப்பை.

ஆனாலும் நான் டேட்டாபேஸைத்தான் எடுத்தேன், பிழையைத் தேடிப் பிடிக்கவாவது அதில் வழி இருக்கிறது. ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய அடையாள அட்டை எண்ணிலும் இன்னோரிடத்தில் புதிய 12 இலக்க எண்ணிலும் இருந்தார், அதனால் பழையதைப் புதியதாக்கினேன்: முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்து வேண்டாம். இப்படி மாற்றினதும் இரண்டு பேராகக் கிடந்த பல ஆட்கள் ஒருவரானார்கள். போன் நம்பர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டேன், பொய்யான நம்பரைவிட வெறும் கட்டம் மேல். கொப்பி மேசையிலேயே இருக்கிறது, பின்னேரம் அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறோம். எக்ஸெல் மாசக் கணக்கைக் கூட்டிப் பார்க்க மட்டும்.

சிவாக்கள் நாலு பேர். மூன்று பேரை மாமா அடையாளம் சொல்லிவிட்டார். நாலாவது சிவாவின் 3 பை சீமெந்துக் காசு இன்னும் அப்படியே நிற்கிறது.