நடை முடிந்த இடத்திலிருந்து வீடு வரை: பல வருட அனுபவம்

நெடுந்தூர நடைக்குத் தயாராகிறவர்கள் கூடாரத்தின் எடையைக் கிராம் கணக்கில் பார்க்கிறார்கள். எந்த ஊரில் சாமான் வாங்குவது, எந்த ஓடையில் தண்ணீர் பிடிப்பது என்று நாள்வாரியாக எழுதி வைக்கிறார்கள். முடித்த பிறகு எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்டால் மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஷட்டில் வண்டி (பாதையின் முனைகளுக்கு நடைக்காரர்களை ஏற்றிப் போகும் வாடகை வண்டி), முடிவிடத்தில் நிறுத்திய கார், பேருந்து, ரயில், வழியில் லிஃப்ட் கேட்பது என்று பல வருடமாக எல்லா வழிகளிலும் திரும்பி வந்திருக்கிறேன். அதில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்று சொல்கிறேன்.

ஒரு வாரத்துக்குள் முடிகிற நடை என்றால், காரை முடிவிடத்தில் நிறுத்திவிட்டு ஷட்டிலில் தொடக்கத்துக்குப் போவதுதான் என் முறை. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காரைத் தொடக்கத்தில் விட்டால், கடைசி நாளில் ஷட்டில்காரர் சொன்ன நேரத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். மழையில் வழுக்கும் இறக்கத்தில், களைத்த முழங்காலோடு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுவது ஆபத்து. முதல் நாள் காலையில் அந்தச் சிக்கலே இல்லை, எத்தனை மணிக்கு எங்கே நிற்போம் என்பது நம் கையில் இருக்கிறது. காரை நோக்கி நடக்கும்போது ஒரு நாள் தாமதமானாலும் நமக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வாகன நிறுத்தத்தில் இரவு விட அனுமதி உண்டா, எத்தனை நாள் வரை என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். மாற்றுத் துணி, செருப்பு, தண்ணீர் மூன்றையும் காரில் வைத்துவிட்டுப் போவது என் வழக்கம்.

கார் இல்லை என்றால் நடக்கும் திசையையே மாற்றிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் பென்னைன் வே சுமார் 431 கிலோமீட்டர். பெரும்பாலானோர் தெற்கே ஈடேலில் தொடங்கி வடக்கே கிர்க் யெட்ஹோமில் முடிக்கிறார்கள். ஈடேலில் ரயில் நிலையம் இருக்கிறது. கிர்க் யெட்ஹோம் ஒரு சின்ன கிராமம், அங்கிருந்து முதலில் பேருந்தில் கெல்சோ என்ற ஊருக்குப் போக வேண்டும். வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் ரயில் நிலையத்தில் வந்து முடியும். அந்த நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால் அதை முகத்தில் வாங்க வேண்டியிருக்கும், அது உண்மைதான். என்னைக் கேட்டால் அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பேன். ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே மாதிரி இரு முனையிலும் ரயில் இருக்கிற பாதைகளில் இந்த யோசனையே தேவையில்லை.

மாதக்கணக்கில் நீளும் பாதைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். வடக்கே போகிறவர்களுக்கு அது மெய்ன் மாநிலத்தில் கடாடின் மலை உச்சியில் முடிகிறது. உச்சியில் படம் எடுத்த பிறகு, அடிவாரத்துக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். அந்த மலை இருக்கும் பூங்காவுக்குள் கைபேசி சிக்னலை நம்ப முடியாது, பொதுப் பேருந்தும் கிடையாது. மில்லினாக்கெட் ஊரிலிருந்து யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று மலை ஏறுவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மேற்கில் கனடா எல்லை வரை போகும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் நிலைமையே மாறிவிட்டது. முன்பு அனுமதி வாங்கியவர்கள் எல்லையைக் கடந்து, கனடாவின் மேனிங் பார்க் வரை நடந்து, அங்கிருந்து பேருந்து பிடித்தார்கள். 2025-இல் கனடா அந்த அனுமதியை நிறுத்திவிட்டது. இப்போது எல்லைத் தூணைத் தொட்டுவிட்டு சுமார் 48 கிலோமீட்டர் திரும்பி நடந்து ஹார்ட்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய்க்கு வர வேண்டும். அங்கேயும் கரடுமுரடான மலைச்சாலைதான், பனி விழுந்தால் அதையும் மூடிவிடுவார்கள். பழைய குறிப்புகளைப் படித்துத் திட்டமிடுகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். திரும்பி நடக்கும் அந்த இரண்டு மூன்று நாளுக்கான சாப்பாட்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

கருவி என்று ஒன்றைச் சொல்வதானால், அது செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிதான். நான் வைத்திருப்பது கார்மின் இன்ரீச் மினி 2. எடை 100 கிராம், இரிடியம் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள்கள் வழியாக வேலை செய்கிறது. ஆபத்துக்கு என்று வாங்கினாலும், அதிகம் பயன்பட்டது வண்டிக்காரரிடம் நேரம் சொல்லத்தான். அடர்ந்த மரங்களுக்கு அடியிலோ குறுகிய பள்ளத்தாக்கிலோ செய்தி போக கால் மணி நேரம்கூட ஆகும். அதனால் முந்தைய நாள் மாலையே, வானம் திறந்த மேட்டில் இருக்கும்போது அனுப்பிவிடுகிறேன். பெயர், இடம், நேரம், எத்தனை பேர் என்பது போதும். நடைக்கு முன்பே வண்டிக்காரருக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் செய்தியைப் பலர் திறப்பதே இல்லை.

லிஃப்ட் கேட்பதை இப்போது மாற்று வழியாக மட்டும் வைத்திருக்கிறேன். அன்பான மனிதர்கள் நிறையப் பேர் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் விமானத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் அதை நம்பி நிற்கக் கூடாது. அருகிலுள்ள ஊர் வரை போகும் வண்டியை முன்பே உறுதி செய்கிறேன், அந்த ஊரில் ஓர் இரவு தங்குகிறேன். விமான டிக்கெட் எடுத்தால் தேதி மாற்றக்கூடியதாகத்தான் எடுக்கிறேன். கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தாலும் அது வீண் செலவு இல்லை.

அப்புறம், அந்த ஓர் இரவு இன்னொரு வகையிலும் உதவுகிறது. அடுப்புக்கான சின்ன கேஸ் சிலிண்டரை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கிலும் போட முடியாது. கரடியை விரட்ட வைத்திருக்கும் ஸ்ப்ரேக்கும் அதே விதிதான். மிச்சம் இருந்தால், நடையைத் தொடங்க வருகிற யாருக்காவது கொடுத்துவிடலாம். அடுப்பை எரிபொருள் வாசனை இல்லாமல் துடைக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் கொண்டது சுமார் 74 வாட்-மணிதான். கைத்தடிகளையும் கூடார ஆணிகளையும் சரக்குப் பையில் போட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள் காலணியின் அடிப்பகுதியை பிரஷ் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே இறங்கியதும் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், கழுவிய பிறகு நன்றாகக் காயவும் வைத்துவிடுங்கள்.