இரண்டு மன்றங்கள், ஒரு நூலகம்: சாவி யார் கையில்?

நூலகக் கூரை ஒழுகுகிறது. குழந்தைகள் பிரிவில் மேல்தட்டுப் புத்தகங்கள் நனைகின்றன. நூலகர் யாருக்கு போன் போடுவார்? ஒரே உள்ளாட்சி மன்றத்தின் நூலகமாக இருந்தால் இது ஒரு கேள்வியே இல்லை. இரண்டு மன்றங்கள் சேர்ந்து நடத்தும் இடத்தில் "அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்" என்று பதில் வந்தால், அதற்குள் புத்தகங்கள் ஊறிப் போயிருக்கும்.

இப்படிச் சேர்ந்து நடத்த மூன்று வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. ஒரு மன்றம் நடத்தும், மற்றது ஆண்டுதோறும் பங்குத்தொகை கட்டும். அல்லது இரண்டும் உறுப்பினர்களை அனுப்பிக் கூட்டுக் குழு அமைக்கும். அல்லது நூலகத்துக்கென்றே சட்டப்படி ஒரு தனி அமைப்பு. ஊழியர், வங்கிக் கணக்கு எல்லாம் அதன் பெயரில்.

கேட்டவுடன் பிடித்துப் போவது கூட்டுக் குழுதான். எனக்கு அதில்தான் நம்பிக்கை குறைவு. தனிச் சட்ட உரு இல்லாத குழுவால் தானாக யாரையும் வேலைக்கு எடுக்க முடியாது; ஊழியர்கள் ஏதாவது ஒரு மன்றத்தின் ஆட்களாகவே இருப்பார்கள். ஆகவே இரவல் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருவர் ஒரே வேலையைப் பார்ப்பார்கள்; சம்பள விகிதம் வேறு, விடுமுறைப் பட்டியலும் வேறு. பட்ஜெட் இரண்டு மன்றங்களில் தேற வேண்டும். ஓட்டு சமமாகப் பிரிந்தால் எதுவும் நகராது. லண்டனில் 2011-இல் மூன்று மாநகரப் பகுதிகள் சேவைகளை ஒன்றாக்கியபோது நூலக நிர்வாகமும் அதில் சேர்ந்தது. ஆனால் தன் பகுதி பற்றிய கடைசி முடிவை ஒவ்வொன்றும் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2017-இல் வெஸ்ட்மின்ஸ்டரும் கென்சிங்டன்-செல்சியும் அந்த மூவர் கூட்டை முடித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தன.

ஒரு மன்றமே நடத்தினால் வேகம் கிடைக்கும். ஒரே கொள்முதல் விதி, ஒரே கேட்லாக் மென்பொருள், ஒரே மேலதிகாரி. கூரைக்கு அன்றைக்கே ஆள் வந்துவிடும். குறை என்னவென்றால், பணம் கட்டும் மன்றம் வாடகைக்கு இருப்பவரைப் போல உணரத் தொடங்கும். கையிருப்பு குறைந்த ஓர் ஆண்டில் "நம் பணம், அவர்கள் ஊர் நூலகமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்பார். நியாயமான கேள்விதான். திறக்கும் நேரத்தையும் புத்தகக் கொள்முதலின் குறைந்தபட்சத் தொகையையும் மற்ற மன்றத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

தனி அமைப்புக்கு நல்ல உதாரணம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே 1989-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 196-ஆம் பிரிவின்படி மன்றங்கள் சேர்ந்து வட்டார நூலகக் கழகங்களை அமைத்தன. கேசி, கார்டினியா என்ற இரண்டு மன்றங்களும் அப்படி ஒன்றை நடத்தின. இன்று இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகளில் இருக்கின்றன. 2020-இல் வந்த புதிய சட்டம் இந்தப் பழைய கழகங்களைப் படிப்படியாக வேறு வடிவத்துக்கு மாறச் சொல்கிறது. இந்த வழியில் பொறுப்பு தெளிவு. ஆனால் தணிக்கை, காப்பீடு, சம்பளப் பிரிவு எல்லாம் தனியாக வேண்டும். ஒரே கட்டடம் உள்ள நூலகத்தில் அந்தச் செலவு புத்தகப் பணத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் பணம். பெரும்பாலான சண்டை இங்கேதான். ஒரு மன்றத்தில் 60,000 பேர், மற்றதில் 20,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கணக்குப்படி 75-க்கு 25. ஆனால் சின்ன ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இரவலில் பாதி அவர்களுடையதாக இருக்கலாம். அப்படியானால் பயன்பாட்டுக் கணக்குதான் நியாயம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கூடுதலாக வந்து படித்தால் அந்த ஊரின் பில் ஏறும். வாசிப்பைக் கூட்டுகிற நூலகரை நிதிப் பிரிவு சந்தேகமாகப் பார்க்கும். தலைக்கணக்கையே அடிப்படையாக வைத்து, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் மூன்று ஆண்டுகளின் சராசரிப் பயன்பாட்டைப் பார்ப்பது போதும்.

கட்டடம் எந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவின் டெர்பி லைன், கனடாவின் ஸ்டான்ஸ்டெட் ஆகிய இரண்டு ஊர்களின் எல்லைமேலேயே நிற்கிறது ஹாஸ்கெல் நூலகம். வாசிப்பு அறைத் தரையில் எல்லைக்கோடு கறுப்பாக ஓடுகிறது. முன்வாசல் அமெரிக்காவில், புத்தக அடுக்குகள் கனடாவில். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கனடா வாசகர்கள் நடைபாதையில் நடந்து முன்வாசலுக்கு வந்தார்கள். 2025-இல் அமெரிக்க அரசு அந்த வழியைக் கட்டுப்படுத்தியது. கனடா பக்கம் தனி வாசல் தேவைப்பட்டது. நூலகம் நடத்துபவர்களின் கையில் இல்லாத முடிவு அது. இரண்டு மன்றங்களுக்கு இடையே இது இவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் மற்ற ஊர் வாசகரின் நுழைவு உரிமையை, இடம் கொடுக்கும் மன்றத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்கக் கூடாது.

ஒரே கட்டடம் என்றால் ஒரு மன்றமே நடத்தட்டும், பல கிளைகள் என்றால் தனி அமைப்பு வரட்டும் என்பேன். கூட்டுக் குழு கணக்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் இருக்கட்டும், நிர்வாகம் அதனிடம் வேண்டாம்.

எந்த வழியானாலும் பிரியும் நாளுக்கான விதி முதல் நாளே வேண்டும். நூலகம் வளரும் உயிர் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே தன் நூலக விதிகளில் ஐந்தாவதாக எழுதினார். ஆண்டுக்கு ஆண்டு புத்தகம் சேரச் சேர எது யாருடையது என்பது கலங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு புத்தகத்தையும் கேட்லாக்கில் ஏற்றும்போது யார் பணத்தில் வாங்கியது என்பதையும் அந்தப் பதிவிலேயே ஒரு தனிக் கட்டத்துக்குள் குறித்துவிடலாம். பார்கோடு ஒட்டுகிற அதே கையோடு முடிகிற வேலை.