குடியை நிறுத்த உதவும் கூட்டம்: நேரில் போவதா, ஆன்லைனில் சேர்வதா?

குடியை நிறுத்த முடிவு செய்தவருக்கு அடுத்த கேள்வி, கூட்டத்துக்கு நேரில் போவதா, போனிலேயே சேர்வதா என்பது. 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அதில் இரண்டு விதமும் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி.

ஆன்லைன் கூட்டத்தின் பெரிய பலம் நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு குடிக்கத் துடிக்கும்போதும் உலகின் ஏதோ ஒரு மூலையில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவிட்டு, வாய் திறக்காமல் கேட்கலாம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று கூசுபவருக்கு இது நல்ல தொடக்கம்.

ஆனால் மனசு சரியில்லாத நாளில் ஒரே அழுத்தில் வெளியேறிவிடவும் முடியும். நேரில் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து வைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் என் கணிப்பில் முக்கியமானவை. பல ஆண்டுகளாகக் குடிக்காத ஒருவர் அப்போது புதியவரிடம் வந்து, "குடிக்கணும்னு தோணினா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க" என்று நம்பரைக் கொடுப்பார். பலருக்கு ஸ்பான்சர், அதாவது புதியவருக்குத் துணையாக நின்று வழிகாட்டும் மூத்த உறுப்பினர், இப்படித்தான் அமைகிறார். போகுமுன் திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று விசாரியுங்கள். திறந்ததில் குடும்பத்தாரும் உட்காரலாம். மூடியது குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

பக்கத்தில் கூட்டம் இருந்தால் நேரில் போங்கள் என்றே சொல்வேன். ஆன்லைனை இடைப்பட்ட நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் குழு ஒத்துவராவிட்டால் வேறொன்றைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அப்புறம், தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.