டயல் பி.பி. செட்: நர்சிங் மாணவர்கள் வாங்கலாமா?

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச்., அதை ஒட்டிய பார்க் டவுன் தெருக்களில் சர்ஜிக்கல் கடைகள். முதல் வருட மாணவர்கள் கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது டயல் பி.பி. செட்தான். ஜிப் பைக்குள் டயல், காற்றடிக்கும் ரப்பர் பல்ப், மேல்கையில் சுற்றும் பட்டையான கஃப் ஒன்றே ஒன்று. கை பழக நல்ல கருவி. அந்த ஒரே கஃப்பை நம்பி வார்டில் எல்லோருக்கும் பார்ப்பதில்தான் வம்பு.

பணம் கொடுக்குமுன் மூன்றைப் பாருங்கள். காற்று முழுக்க வெளியேறியதும் முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். கஃப்பை ஒரு பாட்டிலில் சுற்றி 200 வரை ஏற்றி, வால்வை மூடி ஒரு நிமிடம் விடுங்கள். 4 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு, வேறு செட் கேளுங்கள். கடைசியாக வால்வு. விநாடிக்கு 2, 3 மி.மீ. வீதம் இறங்கும்படி திருக முடிகிறதா? மலிவு செட்டில் லேசாகத் திருகினாலே முள் சரசரவென்று விழும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முதல் சத்தம் தவறி மேல் அளவு குறைவாகவும், கீழ் அளவு கூடுதலாகவும் பதிவாகும்.

இனி கஃப். துணியை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ரப்பர் பையை அளந்து பாருங்கள். அதன் நீளம் மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதம், அகலம் 40 சதவீதம் வேண்டும். செட்டோடு வரும் சாதாரண கஃப் சுமார் 27 முதல் 34 செ.மீ. கைக்குத்தான் சரி. பருமனான கையில் அதையே கட்டினால் அளவு ஏறிக் காட்டும், தேவையில்லாத மாத்திரை தொடங்கும். மெலிந்த பாட்டியின் கையில் குறைத்துக் காட்டும். பெரிய கஃப் ஒன்றைத் தனியாக வாங்கி, பையில் தையல்காரர் டேப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்காதீர்கள். மணிக்கட்டு நாடி மறையும் அளவைப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றிய பிறகே கேளுங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் நின்று மறுபடி வரும், நாடி பார்க்காவிட்டால் 180 என்பதை 140 என்று எழுதிவிடுவோம். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் கஃப் கட்டவே கூடாது.

150/98 வந்தால் பதறாதீர்கள். படியேறி வந்தாரா, சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டு, 5 நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். ஆனால் 180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இருந்தால் உட்காரவைத்துக் காத்திருக்கும் பேச்சே இல்லை, உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

செட்டோடு ஸ்டெதாஸ்கோப் இலவசம் என்பார்கள். காது மொட்டு கல் மாதிரி இருக்கும், சத்தமும் மங்கல். தனியாக நல்லதாக வாங்குங்கள்.

டயல் ஒருமுறை கீழே விழுந்தாலும் அளவு மாறலாம், முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும்கூட. விழுந்தவுடனும், விழாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஒய் வடிவ இணைப்பு போட்டு சரிபார்த்த கருவியோடு ஒப்பிடுங்கள்.