லக்ஸால் ஃபாஸ்ட் புளூ: மயலின் சாயம் ஒரு மதிப்பீடு

மூளையிலோ தண்டுவடத்திலோ மயலின் (நரம்பு நார்களைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை) எங்கே அழிந்திருக்கிறது என்று முதல் பார்வையிலேயே தெரிய வேண்டுமானால், இன்றைக்கும் லக்ஸால் ஃபாஸ்ட் புளூ சாயத்தைத்தான் பரிந்துரைப்போம். க்ளூவரும் பர்ரேராவும் 1953-இல் வெளியிட்ட முறை இது.

தூளாக வாங்குவதே லாபம். லேபிளில் 'சால்வென்ட் புளூ 38' என்றும், 'எம்பிஎஸ்' வகை என்றும் இருக்கிறதா பாருங்கள். 95% எத்தனால் 100 மில்லிக்குத் தூள் 0.1 கிராம், 10% அசிட்டிக் அமிலம் 0.5 மில்லி, கலக்கி வடிகட்டினால் போதும். 25 கிராம் புட்டியில் 25 லிட்டர் கரைசல் வரும். மாதத்துக்கு நாலைந்து ஸ்லைடு மட்டும் போடுகிறவர்களுக்குத் தயார் கரைசல் வசதி.

பாரஃபின் செக்‌ஷன் (மெழுகில் பதித்த திசுவின் மெல்லிய வெட்டு) 10 முதல் 15 மைக்ரான் தடிமன் இருக்கட்டும். 5 மைக்ரானில் நீலம் வெளிறிவிடும். மெழுகை நீக்கியபின் 95% எத்தனாலோடு நிறுத்தி, தண்ணீரில் போடாமல் நேராகச் சாயத்துக்குள் இறக்குங்கள். 56 முதல் 60 டிகிரி ஓவனில் 16 மணி நேரம். ஜாடிக்குத் திருகுமூடி அவசியம். மூடி தளர்ந்திருந்தால் இரவோடு இரவாக எத்தனால் ஆவியாகி, ஸ்லைடின் மேல்பாதியில் சாயம் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். எத்தனால் தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் சுடர் எதுவும் கூடாது.

காலையில் எடுத்தால் செக்‌ஷன் முழுக்க ஒரே நீலம். 95% எத்தனாலில் மிகைச் சாயத்தைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். வேலையின் உயிர் இதற்கு அடுத்த அரை நிமிடத்தில் இருக்கிறது. 0.05% லித்தியம் கார்பனேட்டில் சில நொடிகள், பிறகு 70% எத்தனால், பிறகு நீர். உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். சாம்பல்பகுதி (நரம்பணுக்கள் நிறைந்த, மயலின் குறைந்த பகுதி) வெளுக்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கட்டுப்பாட்டு ஸ்லைடாகச் சிறுமூளையை வையுங்கள்: கிளைவிட்ட வெண்பகுதி அடர்நீலமாக நிற்க, அதிலிருந்து துகளணு அடுக்குக்குள் நுழையும் மெல்லிய நார்களும் நீல இழைகளாகத் தெரிய வேண்டும். அந்த இழைகள் மறைந்துவிட்டால் சாயம் அளவுக்கு மீறி நீங்கிவிட்டது. மறுபடி 95% எத்தனால் வழியாகச் சாயத்துக்கே அனுப்புங்கள். லித்தியம் கரைசல் நீலம் பாய்ந்ததும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி ஸ்லைடுகளில் வேலை செய்யாது. முடிவில் 0.1% கிரெசில் வயலெட் கொடுத்தால் உயிரணுக்கள் ஊதாவாக எழும்.

இனி குறைகள். நிறநீக்கம் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. அதனால் வெவ்வேறு நாளில் சாயமேற்றிய ஸ்லைடுகளின் நீலப்பரப்பை இமேஜ்ஜே என்ற பட அளவீட்டு மென்பொருளில் அளந்து ஒப்பிடுவது சரியில்லை. நோயுற்றதும் இயல்பானதும் ஒரே ஜாடியில் போக வேண்டும். மேக்ரோபேஜ்கள் (சிதைவுகளை விழுங்கும் உயிரணுக்கள்) விழுங்கிய மயலின் சிதைவும் நீலமாகவே தெரியும், சிவப்பணுக்களும் அப்படியே. புதுப் புண்களில் பரப்புக் கணக்கு இதனால் ஏமாற்றும். பக்கத்து செக்‌ஷனில் மேக்ரோபேஜ்களைக் காட்டும் சிடி68 குறிப்பான் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

உறையின் தடிமனை இது சொல்லாது. மறுமயலினாக்கம் (இழந்த மயலின் மீண்டும் உருவாவது) நடந்ததா என்பதே கேள்வி என்றால், ஆஸ்மியம் ஏற்றி ரெசினில் பதித்த 1 மைக்ரான் செக்‌ஷனில் டொலுயிடின் புளூ, அல்லது மின்னணு நுண்ணோக்கி. அங்கே ஆக்சான் (உறைக்குள் இருக்கும் நரம்பு நார்) விட்டத்தை உறையோடு சேர்ந்த முழு விட்டத்தால் வகுத்து ஜி-விகிதம் எடுக்கலாம். உறை மெலிந்தால் விகிதம் 1-ஐ நெருங்கும். உறையவைத்து வெட்டிய செக்‌ஷன் கையில் இருந்தால் ஃபுளோரோமயலின் என்ற ஒளிரும் மயலின் சாயம் 20 நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அதை எத்தனாலில் காட்டக் கூடாது. பாரஃபின் தொகுதிகள் அடுக்கி வைத்திருக்கும் நோய்க்கூற்றியல் கூடத்துக்கு லக்ஸால்தான் சரி.